பேசியவர்கள்: முதல் பெயர் ராமசெல்வி

மேடையில் வீற்றிருக்கும் பள்ளித் தாளாளர் திருவாளர் திருமுருகன் அவர்களே, அறக்கட்டளை உறுப்பினர்களே, என்னோடு சாக்பீஸ் தூசி தின்ற ஆசிரியத் தோழர்களே, துறைமுக ஷிஃப்டையும் மீன் வியாபாரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, பின்வரிசையில் கைகட்டி உட்கார வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளே! மறைந்த ஆசிரியை ராமசெல்வி அம்மையாரின் பெயரால் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பிள்ளைகளே, கையை அவிழ்த்துக்கொள்ளுங்கள். செல்வி மிஸ்ஸுக்காகக் கூடிய கூட்டத்தில் யாரும் கைகட்ட வேண்டாம்.

நான் தேவப்பிரியம். இதே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனுக்கு மெமோ கொடுக்க முடியாது, இடமாறுதல் போட முடியாது, நட்சத்திரத்தைப் பிடுங்க முடியாது. ஆகவே இந்த மேடையில் இன்று கொஞ்சம் தாராளமாகப் பேசக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அந்த வசதியை அம்மையாருக்காகச் செலவழிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் நம்முடைய ராமசெல்வி அம்மையாரை ‘அமைதியின் திருவுருவம்’ என்றார்கள். பின்னால் தொங்குகிற பேனரிலும் அப்படியே அச்சடித்திருக்கிறது. அமைதியா? ராமசெல்வியா? அவர் ஆசிரியர் அறையில் தும்மினால் மாடியில் என் வகுப்பு எழுந்து நிற்கும்! திருவொற்றியூர் மார்க்கெட்டில் விலை கேட்டால் எண்ணூர் வரைக்கும் கேட்கும்! அப்படிப்பட்ட மனுஷியை, வாய் மூடிப் படுத்த பிறகு அமைதி என்று புகழ்கிறோம். இதைப் புகழ்ச்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அம்மையார் பிறந்தது ராயபுரம். அப்பா விசைப்படகில் டிரைவர். ஆசிரியர் பயிற்சி முடித்து இந்தப் பள்ளிக்கு வந்தபோது இங்கே பிரம்பு இருந்தது. பிறகு பிரம்பு போனது. நல்லதுதான், அது போனதில் அவரை விட மகிழ்ந்தவர் இல்லை. ஆனால் பிரம்பு போன இடத்தில் எது வந்து உட்கார்ந்தது? அழகான வண்ண அட்டை வந்தது. நட்சத்திர ஸ்டிக்கர் வந்தது. பேசாமல் இருந்தால் வகுப்புக்கு நட்சத்திரம். ஒரு பிள்ளை பேசினால் மொத்த வகுப்புக்கும் நட்சத்திரம் காலி. மாதக் கடைசியில் அதிக நட்சத்திரம் எடுத்த வகுப்புக்கு ‘அமைதிக் கோப்பை’. கோப்பை வாங்கிக் கொடுத்த ஆசிரியருக்கும் ஒரு சான்றிதழ். பிள்ளைக்கும் அதே வலை, வாத்தியாருக்கும் அதே வலை.

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மையார் மட்டும் அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பிரம்பு இருந்தப்போ புள்ள நம்மளப் பாத்து பயந்துச்சி சார். இனிமே பக்கத்துல குந்திகினுகீற புள்ளையப் பாத்து பயப்படும்.” நான் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன். இதைவிடச் சுருக்கமாக அந்தத் திட்டத்தை விளக்க என்னால் முடியாது.

நடந்ததா இல்லையா? பெற்றோர்களே, உங்களுக்குத் தெரியும். முழு வருகைக்கு டிபன் பாக்ஸ் பரிசு என்று அறிவித்தோம். மெட்ராஸ் ஐ வந்த ஒரு பையன், டிபன் பாக்ஸ் போய்விடுமே என்று சிவந்த கண்ணோடு தவறாமல் வந்தான். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடமே கண்ணைக் கசக்கியது. பரிசளிப்பு அன்று நம் தாளாளர் அவர்களும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அந்தப் பையனுக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் அலுவலக அறையில் மாட்டியிருக்கிறது. சிரிக்கிறீர்கள். அன்று நாங்களும் சிரித்தோம். அம்மையார் சிரிக்கவில்லை. வந்தானா என்று கணக்குப் பார்த்த நாம், நன்றாக இருக்கிறானா என்று கேட்டோமா என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். உட்காரச் சொன்னார்கள்.

அடுத்து ‘தாமதமாக வந்தால் நட்சத்திரம் பறிமுதல்’ என்ற விதி. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை எத்தனை நீளம் நிற்கும் என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் முன்பெல்லாம் வரிசையைச் சுற்றிக்கொண்டு, தாமதமாக வருவார்கள். விதி வந்ததும் லாரி டிரெய்லருக்கு அடியில் குனிந்து தவழ்ந்து வர ஆரம்பித்தார்கள். நட்சத்திரத்துக்காக, ஐயா! இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு அடியில்! ஒரு நாள் காலையில் ஒரு சின்னப் பெண்ணின் புத்தகப்பையில் கறுப்பு கிரீஸ் இருந்ததைப் பார்த்து, அம்மையார் விசாரித்து அறிந்தார். அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய் அலுவலக மேசைமீது வைத்தார். மேசை அழுக்கானதைப் பற்றித்தான் பேச்சு வந்தது. மறுநாளிலிருந்து அவர் கேட்டைத் தாண்டிச் சாலையோரம் போய் நின்றார். வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னார்: “லேட்டா வா கண்ணு. முழுசா வா.”

லேட்டா வா, முழுசா வா. பள்ளி வாசலில் எழுதிவைக்க வேண்டிய வாசகம் இது. என்ன எழுதியிருக்கிறோம்? ‘ஒழுக்கமே உயர்வு’.

அம்மையார் தண்டிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் மாட்டியவர்களுக்குத் தெரியும். ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டால், அடிபட்டவனின் பையை அடித்தவன் சுமந்துகொண்டு அவன் வீடு வரைக்கும் போக வேண்டும். போய், ‘ஏன் நான் சுமக்கிறேன்’ என்று அவன் அம்மாவிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். பாதிப் பேர் அந்த வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். பரிசும் அவரிடம் உண்டு. மார்க்கெட்டில் நடுக்கூட்டத்தில் நின்றுகொண்டு, உன் பொண்ணு இன்னைக்கு என்ன கேள்வி கேட்டா தெரியுமா என்று தாயிடம் கத்துவார். அவ்வளவுதான் பரிசு. அதை வாங்க அந்தப் பிள்ளை யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பலகைக்கு வருகிறேன். இந்த ஊரில் படித்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆசிரியர் வெளியே போனால் வகுப்புத் தலைவர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவார். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ‘மி.அ.’, அதாவது மிக அதிகம். அதற்கும் அடங்காவிட்டால் ‘மி.மி.அ.’ நாங்களெல்லாம் திரும்பி வந்ததும் பெயர்களைப் படிப்போம், நிற்க வைப்போம், முடிந்தது. ராமசெல்வி அம்மையார் என்ன செய்வார்? பெயரைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இன்னா பேசுனே?”

பேசினாயா என்று கேட்கமாட்டார். ஏன் பேசினாய் என்று மிரட்டமாட்டார். இன்னா பேசுனே? பதிலைக் கேட்ட பிறகுதான் தண்டனையா இல்லையா என்று முடிவு. அந்தக் கேள்வியில்தான் எந்த வீட்டில் சமைக்கவில்லை, எந்தப் பெண்ணைப் படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. ‘வாத்தியாரு இல்லாத கிளாஸ்ல சத்தம் வரலேன்னா உள்ள போய்ப் பாக்கணும் சார்’ என்பார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த நாளைச் சொல்கிறேன். தாளாளர் அவர்களே, இதைச் சொல்லாமல் இந்த அஞ்சலி முடியாது.

மாதக் கடைசி. நான்காம் வகுப்புக்கு அன்று கோப்பை கிடைப்பதாக இருந்தது. வகுப்பாசிரியை ஜெயஸ்ரீயை விழா ஏற்பாட்டுக்காக அலுவலகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்மீது எந்தத் தவறும் இல்லை. வகுப்புத் தலைவி மோகனப்ரியா பலகையில் தலைப்பைப் போட்டுவிட்டு சாக்பீஸோடு நின்றாள். கீழ்த்தளம், கால்வாய்ப் பக்கத்து அறை. அப்போது காற்றில் ஏதோ வந்தது. எந்த ஆலையிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா ஆலையிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். காற்றுக்குத்தான் அன்று ஏதோ கோளாறு போலிருக்கிறது.

மாடியில் என் எட்டாம் வகுப்பு. நட்சத்திர அட்டையில் எப்போதும் கடைசி இடம். இழக்க ஒரு நட்சத்திரம் கூட இல்லாத கூட்டம். மூக்கில் ஏறிய உடனே ‘சார், இன்னாமோ குத்துது சார்’ என்று கத்திக்கொண்டு, நான் சொல்வதற்குள் படியிறங்கி ஓடிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கீழே கோப்பை வாங்கப்போகிற வகுப்பு உட்கார்ந்திருந்தது. வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொண்டை எரிந்தது, உட்கார்ந்திருந்தது. இருமுவது பேச்சில் சேருமா சேராதா என்று தெரியாமல் இருமலையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது! நினைத்துப் பாருங்கள், பெற்றவர்களே. உங்கள் பிள்ளைகள். யாரும் கட்டிவைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

தாழ்வாரத்தில் போன ராமசெல்வி அம்மையார் நின்றார். ஆசிரியர் இல்லாத வகுப்பு, சத்தம் இல்லை. உள்ளே போனார். நாற்றம் இருந்தது. நமக்கெல்லாம் நாற்றம் புதிதா? அன்றாடம் வருகிற நாற்றத்தில் அன்று வந்ததைப் பிரித்துப் பார்க்க ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் அவர் பார்த்தது பலகையை. ‘பேசியவர்கள்’. கீழே ஒரே பெயர். திலீப். பக்கத்தில் மி.அ.

வழக்கம்போலக் கேட்டிருக்கிறார், இன்னா பேசுனே என்று. அவன் வாயிலிருந்த விரலை எடுக்காமலே சொல்லியிருக்கிறான்: “இது டெய்லி வர்ற நாத்தம் இல்லன்னேன் மிஸ். எரியுதுன்னேன்.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்ததற்கு இந்தத் தெருவே சாட்சி. இரண்டு கையிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார். திரும்ப உள்ளே போனார். அடுத்த வகுப்பு, அதற்கடுத்த வகுப்பு. ஏற்கெனவே வீசிங் உள்ள மனுஷி. கடைசியில் வெளியே வந்து கேட்டருகே உட்கார்ந்தவருக்குப் பேச வரவில்லை. என் வாழ்நாளில் அவர் பேச முடியாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மோகனப்ரியா அவர் மடியில் இருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தை, தன்னைத் தூக்கிவந்த ஆசிரியையிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “எங்க கப்பு போச்சா மிஸ்?”

உயிர் போகவில்லை, ஐயா. எல்லாப் பிள்ளைகளும் வீடு வந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி அம்மையாரை விடவில்லை. அந்தப் பெண்மீது அவருக்குக் கோபமே இல்லை. சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு நன்றாகப் படித்த பிள்ளை அவள் என்பார். சொல்லிக்கொடுத்தது யார்?

கப்பு போகவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ‘பதற்றமான வேளையிலும் அமைதி காத்த மாணவர்கள்’ என்று அறக்கட்டளை செய்தி வெளியிட்டது. நான்காம் வகுப்புக்குக் கோப்பை. கூடுதலாக வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா. ஒருவனுக்கு மட்டும் கிடையாது. அன்றைய தினம் பலகையில் பெயர் இருந்ததால், விதிப்படி திலீப்புக்குக் கிடையாது.

சொன்னவனுக்குக் கிடையாது! சொல்லாதவர்களுக்குப் புலி, யானை, ஒட்டகச்சிவிங்கி!

திலீப்பின் தாய் பச்சையம்மா மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போனார். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அன்று அவர் கேட்டதை நான் அருகில் நின்று கேட்டேன். “எம்புள்ள வாயத் தொறந்தான். அதனால அத்தினி புள்ளைங்களும் வூடு வந்து சேர்ந்துச்சி. அதுல இன்னா சார் தப்பு கீது?” அவருக்குக் கிடைத்த பதில், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பரிசளிப்பு விழாவில், இதே மேடைக்குக் கீழே, ராமசெல்வி அம்மையார் எழுந்தார். வீசிங்குக்கு இழுக்கும் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார். “பேசுன புள்ள கையில கப்பக் குடுங்க சார். அவன் கம்முனு இருந்திருந்தா இன்னைக்கி இந்த ஹால்ல வேற கூட்டம் நடந்திருக்கும்.” மைக் இல்லை. அவருக்கு எதற்கு மைக்? கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மேடையில் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

சுற்றுலா அன்று அம்மையார் பேருந்தில் ஏறவில்லை. திலீப்போடு பள்ளியிலேயே இருந்தார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அறக்கட்டளையின் இன்னொரு பள்ளிக்கு மாறுதல், மணலி புதுநகருக்கு. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு என்று போட்டிருந்தது. மூச்சு வாங்குகிற பெண்ணை, ஆலைப்புகை சூழ்ந்த மணலிக்கு அனுப்ப என்ன நிர்வாகக் காரணம்? பிள்ளையை வெயிலில் நிற்க வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இது பெரியவர்களுக்கான பலகை. அதில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் மி.அ. போட்டார்கள்.

அவர் போனார். டோல்கேட்டில் காலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவில், சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவ விடுப்பு எடுக்கச் சொன்னேன். விடுப்பு எடுத்தால் அங்கே இருக்கிற பிள்ளைகளிடம் இன்னா பேசுனே என்று யார் கேட்பார்கள் என்றார். சென்ற மாதம் ஒரு காலை, பிரார்த்தனை முடிந்து படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் இதயம் என்று எழுதினார். நான் மருத்துவன் அல்ல, மறுக்க மாட்டேன். எனக்கு வயிறு எரிகிறது, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று அவர் சொன்ன வேற கூட்டம் இதுதான். பிள்ளைகளுக்கு நடக்காமல் அவர் தடுத்த கூட்டம், அவருக்கு நடக்கிறது.

நான் ஓர் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்று தாளாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என்ன அறிவிப்பு தெரியுமா? அமைதிக் கோப்பைக்கு இந்த ஆண்டு முதல் ‘ராமசெல்வி நினைவு அமைதிக் கோப்பை’ என்று பெயராம்! யாருடைய மூச்சு அந்தக் கோப்பையோடு சண்டை போட்டுத் தீர்ந்ததோ அவருடைய பெயர் அதே கோப்பையில்! வெள்ளி முலாமில்! தாளாளர் அவர்களே, உயிரோடு இருந்தபோது மாறுதல் கொடுத்தீர்கள். இப்போது இதையும் கொடுக்கிறீர்களா? எங்கள் அம்மையாரின் பெயரைச் சொல்லி இன்னொரு பிள்ளையை விரல் வைத்து உட்கார வைக்கப் போகிறீர்களா? அந்த அறிவிப்பை நான் செய்யவில்லை. வேறு யார் செய்தாலும், கோப்பை கொடுக்கிற அன்று நான் வந்து வாசலில் நின்று இதையே மறுபடியும் பேசுவேன். மாதம் தவறாமல் பேசுவேன். எனக்கு முழு வருகைப் பரிசு வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி என்று இருக்கிறது. மன்னியுங்கள். ராமசெல்விக்கு மௌனத்தால் அஞ்சலியா? நான்காம் வகுப்பின் அந்த மௌனத்துக்குள் நுழைந்துதான் அவர் தன் மூச்சைக் கெடுத்துக்கொண்டார். அதையே அவருக்கு மாலையாகப் போட நான் எழுந்து நிற்க மாட்டேன்.

ஜெயஸ்ரீ, அம்மா, இந்த பேனரைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடியுங்கள். பின்னால் பழைய கரும்பலகை இருக்கிறது, எனக்குத் தெரியும். ஒரு சாக்பீஸ் கொடுங்கள்.

இதோ, எழுதுகிறேன். தலைப்பு: பேசியவர்கள். முதல் பெயர்: ராமசெல்வி. பக்கத்தில் மி.மி.அ. இரண்டாவது, திலீப். அவன் ஒரே ஒரு தடவை, தேவையான நேரத்தில் பேசினான். அவனுக்கு மி.அ. அதிகம், அதை நான் போடவில்லை. மூன்றாவது, பச்சையம்மா. நான்காவது நான்.

அம்மையாரே, உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் நான் இருக்கிறவரை, பேசிய பிள்ளை ஒவ்வொன்றிடமும் உங்கள் கேள்வியைக் கேட்பேன். முதலில் கேட்பேன், பிறகு மற்றது.

சாக்பீஸை இந்தத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். பெயர் எழுத விரும்புகிறவர்கள் வரலாம், ஆசிரியத் தோழர்களும் வரலாம். மோகனப்ரியா, நீயும் வா கண்ணு, இன்று தலைவியாக வேண்டாம், பேசுகிறவளாக வா. தாளாளர் அவர்களே, டஸ்டர் உங்களுக்கு எதிரில் மேசைமீதே இருக்கிறது. நீங்கள் அழித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள், ஐயா.

இன்னா பேசுனே?